சொந்தம் இரண்டு, இரவல் எட்டு

காலை பத்து மணிக்கு ஷட்டர் ஏறியதும் சீட்டு அக்கா செய்கிற முதல் வேலை, முந்தின நாள் வந்திறங்கிய பழைய லேப்டாப்புகளைத் துடைத்து மேசையில் வரிசையாக வைப்பது. எவனோ டீ சிந்திய கீபோர்டு, எந்தக் குழந்தையோ ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்த மூடி, மூலை நசுங்கின திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வ ஜென்மக் கதை இருக்கும். அக்கா எல்லாவற்றுக்கும் முகம் கழுவிவிட்டு, ஒவ்வொன்றாக பிளக்கில் மாட்டி உயிர் கொடுப்பார். திரை வெளிச்சமானதும் விவரப் பக்கத்தைத் திறந்து, அதில் உள்ளதைப் பார்த்துப் பார்த்து உள்ளங்கை அகல வெள்ளை அட்டையில் எழுதுவார். எந்த பிராசசர், எத்தனை ஜிபி மெமரி, எவ்வளவு பெரிய திரை, கிராஃபிக்ஸ் கார்டு என்ன, அதற்கு எத்தனை ஜிபி. எழுதி முடித்து மூடியில் ஒட்டினால் அந்த லேப்டாப் விற்பனைக்குத் தயார்.

இந்தச் சீட்டு எழுதுவதால்தான் அவருக்கு அந்தப் பெயர். சீட்டு விளையாடுகிறவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், பாவம், அவருக்கு ஸ்பேடு எது ஹார்ட்டு எது என்று கூடத் தெரியாது. ஆனால் கையெழுத்து இருக்கிறதே, அச்சு தோற்றது போங்கள். வாங்க வருகிறவர்கள் லேப்டாப்பைப் பார்ப்பதற்கு முன்னால் சீட்டைத்தான் பார்ப்பார்கள். இவ்வளவு சுத்தமாக எழுதுகிறவர்கள் தப்பாக எழுத மாட்டார்கள் என்று மனிதர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் முதலாளி நாலு வருஷமாகக் கடையை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிராஃபிக்ஸ் விவரத்தைத் திறந்தால் திரையில் மூன்று எண்கள் தெரியும். மொத்த மெமரி எவ்வளவு என்பது ஒன்று. அதில் கிராஃபிக்ஸ் கார்டுக்கே உரியது எவ்வளவு என்பது இரண்டாவது. தட்டுப்பாடு வந்தால் கம்ப்யூட்டரின் பொது மெமரியிலிருந்து வாங்கிக்கொள்ளக்கூடியது எவ்வளவு என்பது மூன்றாவது. கார்டு உண்மையில் எதற்கு லாயக்கு என்பதைச் சொல்வது இரண்டாவது எண்தான். ஆனால் அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி பின்னால் வந்து நின்று, "மொத்தத்த மட்டும் எழுதும்மா. எதுக்கு மூணையும் எழுதி ஜனங்கள குழப்பணும்?" என்று சொல்லிவிட்டார்.

"மொத்தம்னா, கார்டோடது இல்லையே சார்?"

"நான் என்ன பொய்யா எழுதச் சொல்றேன்? திரையில இருக்கறதத்தானே எழுதச் சொல்றேன். இல்லாத நம்பரையா எழுதற?"

நம்பர் திரையில் இருந்தது உண்மைதான். அன்றைக்கு மதியம், பின்பக்கம் ரிப்பேர் பார்க்கும் திருப்புளி அண்ணனிடம் அக்கா கேட்டார். கையில் எப்போதும் ஒரு திருப்புளியோடு, சாப்பிடும்போது கூட அதைக் காதில் செருகிக்கொண்டு அலைகிற மனிதர் அவர். "அதெல்லாம் ஊரார் மெமரிம்மா. நம்ம மெமரி ரெண்டாவது வரியில இருக்கு" என்று அவர் சொன்னதை அக்கா கேட்டார், புரிந்துகொண்டார், புரியாதது போல வைத்துக்கொண்டார். நாம் எல்லோரும் செய்வதுதான்.

முதலாளியை எதிர்த்துப் பேச அவருக்கு மனம் வராததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை, நன்றி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, பஸ் ஓட்டும் கணவருக்கு முதுகுவலி வந்து பாதி நாள் லீவில் இருக்க ஆரம்பித்ததும், அக்கா வேலை தேடிக் கிளம்பினார். ஏறிய படிகளில் எல்லாம் "அனுபவம் இருக்கா?" என்றார்கள். இந்த மனிதர் ஒருவர்தான் ஒரு அட்டையையும் பேனாவையும் நீட்டி, "எழுதிக் காட்டும்மா" என்றார். கணவர் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த இரண்டு மாதமும், ஏன் லேட் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. அக்கா மதியம் கிளம்பும்போது அவரே குடையை எடுத்துக் கொடுத்து அனுப்பிய நாளும் உண்டு. அப்படிப்பட்டவரிடம் போய், நீங்கள் சொல்வது சரியில்லை சார் என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு வியாழக்கிழமை ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பல் டெக்னீஷியன். டாக்டர் அளவெடுத்து அனுப்பினால், அதற்குத் தகுந்த செயற்கைப் பல்லைச் செய்து கொடுக்கிற வேலை. இப்போதெல்லாம் அளவு கம்ப்யூட்டர் வழியாகவே வந்துவிடுகிறது. வாய்க்குள் ஸ்கேன் எடுத்து, தாடை முழுவதையும் திரையில் முப்பரிமாணமாகக் கொண்டுவந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பல்லை வடிவமைக்க வேண்டும். அவள் எட்டு வருஷம் வேலை பார்த்த, பல் செய்கிற லேப் மூடிவிட்டது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கிளம்பியிருக்கிறாள். கையிருப்பில் ஒரு லேப்டாப் மட்டும் வாங்கலாம், இரண்டாவதற்கு வழி கிடையாது என்று அவளே சொன்னாள். சாஃப்ட்வேர் கம்பெனி கொடுத்த தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். கிராஃபிக்ஸ் மெமரி குறைந்தது நாலு ஜிபி என்று அதில் கோடு போட்டு வைத்திருந்தாள்.

அக்கா அவளை உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இரண்டு லேப்டாப்புகளைக் காட்டினார். ஒன்று மெலிசாக, வெள்ளி நிறத்தில், பார்க்கவே லட்சணமாக இருந்தது. கிராஃபிக்ஸ் பத்து ஜிபி என்றது சீட்டு. இன்னொன்று கறுப்பு. அதைவிட நாலைந்து வருஷம் பழையது, செங்கல் கனம். எட்டு மாதமாக அடித்தட்டில் தூசி தின்றுகொண்டிருந்தது. அதன் சீட்டில் ஆறு ஜிபி.

"நாலு போதும்னு போட்டிருக்கு. ஆனா பத்துன்னா வேலை இன்னும் வேகமா நடக்கும் இல்ல அக்கா?"

"பத்து பெருசுதானேம்மா" என்றார் அக்கா.

சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. ஆறைவிடப் பத்து பெரியதுதான். ஆனால் அந்த வெள்ளி லேப்டாப்பின் கார்டுக்குச் சொந்தமாக இருந்தது இரண்டே ஜிபி. பொது மெமரி பதினாறு இருந்ததால், அதில் பாதி எட்டை இரவலாகச் சேர்த்துப் பத்து காட்டியது. கறுப்பு செங்கலின் கார்டுக்குச் சொந்தமாகவே நாலு ஜிபி. அதில் பொது மெமரி வெறும் நாலு என்பதால், இரவலாக இரண்டுதான் சேர்ந்தது. மொத்தம் ஆறு. சீட்டைப் பார்த்தால் கறுப்பு ஏழை, வெள்ளி பணக்காரன். அந்தப் பெண் பணக்காரனை வாங்கிக்கொண்டு போனாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "ரொம்ப தேங்க்ஸ் அக்கா. நாலு கடை ஏறி இறங்கினேன், யாரும் உக்காருன்னு கூடச் சொல்லல" என்று அக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அக்காவுக்கு அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை மதியம் அவள் திரும்பி வந்தாள். லேப்டாப்பை ஒரு துவாலையில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அக்கா மனதைத் திடப்படுத்திக்கொண்டு எழுந்தார்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க, உங்க வேலைய கெடுக்கறேன். நான்தான் இதுல ஏதோ தப்பு பண்றேன். என்னன்னு கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?"

திட்டியிருந்தால் கூட அக்கா தாங்கியிருப்பார்.

அவள் லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். தாடையின் ஸ்கேன் திரையில் வந்தது. லேசாகத் திருப்பினாள். திரை அப்படியே நின்றுபோனது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குதி குதித்தது, பற்கள் எல்லாம் சாம்பல் நிறக் கட்டங்களாக உடைந்தன, பிறகு சாஃப்ட்வேரே மூடிக்கொண்டது.

"கிளினிக்ல திங்கக்கிழமை மூணு பல்லு குடுத்தாங்க, சோதனைக்கு. வெள்ளிக்கிழமை காலைல டிசைன் குடுக்கணும், பல்லு அவங்களே மெஷின்ல வெட்டிக்குவாங்க. நல்லா இருந்தா மாசாமாசம் அவங்க வேலை முழுக்க எனக்குத்தான். இல்லைன்னா வேற ஆளு. மூணு நாளா உக்கார்ந்து இன்னும் ஒரு பல்லு முடியல. நாலு தடவ சாஃப்ட்வேர அழிச்சுட்டுப் போட்டேன். கம்பெனிக்கு போன் பண்ணா, மெஷினுக்குத் தெம்பு பத்தலம்மாங்கறாங்க. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! சண்டையே போட்டுட்டேன். 'சீட்டுல பத்துன்னு இருக்கு. அந்தக் கடை அக்கா ஒவ்வொண்ணையும் திரையப் பார்த்துப் பார்த்து எழுதறவங்க. அவங்க எழுதினது தப்பா இருக்காது'ன்னு சொல்லிட்டேன்."

லேப்டாப்பின் மூடியில் சீட்டு அப்படியே இருந்தது. அது பிய்ந்துவிடக் கூடாதென்று மேலே கண்ணாடி டேப் ஒட்டியிருந்தாள்.

அக்கா அந்தப் பத்தைப் பார்த்தார். ஒன்றும் பூஜ்யமும் அழகாகத்தான் இருந்தன. திரையைப் பார்த்து எழுதினேன், முதலாளி சொன்னார் எழுதினேன், தெருவில் எல்லோரும் எழுதுகிறார்கள் எழுதினேன் என்று நாலு வருஷமாகத் தனக்குத்தானே பூசி மெழுகியது அத்தனையும் அந்த நிமிஷம் உதிர்ந்து விழுந்தது. தன்னை நம்பியதற்காக ஒருத்தி மூன்று நாள் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"தப்பு உம்மேல இல்லம்மா. என் சீட்டு மேல."

"புரியல அக்கா."

"இந்தக் கார்டுக்குன்னு சொந்தமா ரெண்டு ஜிபிதான். மீதி எட்டு இரவல். உன் வீட்டுல ரெண்டே ரெண்டு பாத்திரம் இருக்குன்னு வெச்சுக்கோ. பக்கத்து வீட்டுல கேட்டா எட்டு குடுப்பாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் மாடி இறங்கிப் போயி வாங்கிட்டு வரணும். அடுப்புல வெச்சது அதுவரைக்கும் காத்திருக்குமா? பத்து பாத்திரம்னு நான் எழுதிட்டேன். இரவல்னு எழுதல. தெரிஞ்சேதான் எழுதல."

அவள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்தது போலவும் இருந்தது, நம்ப முடியாதது போலவும் இருந்தது. "தெரிஞ்சேவா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரிஞ்சேதான். நான் மாத்தித் தர்றேம்மா."

பின்பக்கம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த திருப்புளி அண்ணன் திருப்புளியைக் காதிலிருந்து எடுத்தார். குனிந்து, அடித்தட்டிலிருந்த கறுப்பு செங்கலை இழுத்தார். அது வந்த வேகத்தில் மூன்று பேரும் தும்மினார்கள். "சொந்தமா நாலு. வழியும் அகலம். அந்த வெள்ளிக்காரனோட கார்டுல சிப்புக்கும் மெமரிக்கும் நடுவுல அறுபத்து நாலு பிட் பாதை, ஒத்தையடிப் பாதை மாதிரி. இதுல இருநூத்து அம்பத்தாறு. நாலு வண்டி பக்கத்துல பக்கத்துல போகும். பழைய மாடல்தான், கத்தும், சூடாகும், பேட்டரி ஒரு மணி நேரம் கூட நிக்காது. ஆனா கழுதை மாதிரி சுமக்கும்" என்றார். அப்புறம் டிராயரைக் குடைந்து பழைய வகை மெமரித் துண்டு இரண்டை எடுத்து, தலா நாலு ஜிபி, உள்ளே பொருத்த ஆரம்பித்தார்.

அவர் கடைசி திருகாணியை முறுக்கும்போது முதலாளி பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். துவாலையைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த கறுப்பு லேப்டாப்பைப் பார்த்தார், அழுத முகங்களைப் பார்த்தார். வியாபாரி அல்லவா, ஒரே பார்வையில் விஷயம் விளங்கிவிட்டது.

"வித்த பொருள மாத்தறதில்லம்மா. பில்லுலயே போட்டிருக்கு."

"சார், நான்தான் மாத்தித் தர்றேன்னு சொன்னேன்" என்றார் அக்கா.

"நீ சொன்னியா? நீ யாரு சொல்ல?"

"சீட்டு எழுதினவ சார். பத்துன்னு எழுதினது என் கை."

"என்ன தப்பு? பத்து இருக்கா இல்லையா? திரையத் திறந்து காட்டவா? இந்தத் தெருவுல பன்னெண்டு கடை இருக்கு, பன்னெண்டு பேரும் இப்படித்தான் எழுதறான். நான் மட்டும் ரெண்டுன்னு எழுதினா எவன் வாங்குவான்? ஈ ஓட்டிட்டு உக்கார்ந்திருக்கணும்!"

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "வேணாம் அக்கா. எனக்காக நீங்க வேலைய விட்டுடாதீங்க. நான் எப்படியாவது பார்த்துக்கறேன்" என்று துவாலையைச் சுற்ற ஆரம்பித்தாள்.

அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். முதலாளியிடம் இதுவரை அவர் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"சார், யாருமே எனக்கு வேலை குடுக்காதப்ப நீங்க குடுத்தீங்க. எங்க வீட்டுக்காரரு படுத்திருந்தப்ப என் வீட்டுல அடுப்பு எரிஞ்சது உங்களாலதான். அந்த நன்றி நான் சாகற வரைக்கும் இருக்கும். அந்த நன்றிய நெனச்சுத்தான் நாலு வருஷமா வாய மூடிட்டிருந்தேன். இப்பத்தான் சார் புத்தி வருது. உங்க மேல எனக்கு நன்றி இருந்தா, உங்க கடை பேருல ஒருத்தர் அழற மாதிரி நான் எழுதக் கூடாது. இனிமே ரெண்டு வரியும் எழுதுவேன். சொந்தம் எவ்வளவு, இரவல் எவ்வளவு. அது வேணாம்னா, வேற ஆள வெச்சுக்கோங்க சார். கோவமே இல்லாம போயிடறேன்."

திருப்புளி அண்ணன் யாரையும் பார்க்காமல் கறுப்பு லேப்டாப்பை உயிர்ப்பித்தார். சாஃப்ட்வேரை ஏற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை முதலாளி தன் நாற்காலியை விட்டு எழுந்து போகவில்லை. அந்தப் பெண் ஒரு நுனியில் உட்கார்ந்து விரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் தாடை திரையில் வந்தது. திருப்பினாள். திரும்பியது. வேகமாகத் திருப்பினாள். அதுவும் வேகமாகத் திரும்பியது. உள்ளே மின்விசிறி உயிர் போகிற மாதிரி கத்தியது, ஆனால் ஒரு பல் கூட நொறுங்கவில்லை. கடைவாய்ப் பல்லின் பள்ளம், அதன் ஓரத்து மேடு எல்லாம் கண்ணாடி போலத் தெரிந்தன. "ஐயோ, போகுது அக்கா! போகுது!" என்று அவள் குழந்தை மாதிரி கத்திவிட்டாள்.

"இங்க வாங்க சார், ஒரு வேடிக்கை காட்டறேன்" என்று திருப்புளி அண்ணன் கூப்பிட்டார். இரண்டு லேப்டாப்பிலும் கிராஃபிக்ஸ் விவரத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெள்ளி லேப்டாப்பில் மொத்தம் பத்து. மெமரித் துண்டு சேர்த்ததில் பொது மெமரி பன்னிரண்டாகி, அதில் பாதி ஆறு இரவலாகச் சேர்ந்து, கறுப்பு லேப்டாப்பிலும் இப்போது மொத்தம் பத்து. "ரெண்டும் பத்துதான் சார். ஒண்ணுல பல்லு நிக்குது, ஒண்ணுல கொட்டுது."

முதலாளி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஆனால் நாலு வருஷமாகத் தான் விற்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு தரம் கூட உட்கார்ந்து பார்த்ததில்லை, பார்க்காமல் இருப்பதுதான் வசதியாக இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. "சரி, இத எடுத்துட்டுப் போம்மா. அத வெச்சுட்டுப் போ" என்று எங்கேயோ பார்த்துச் சொல்லிவிட்டு, அக்காவிடம் மட்டும், "நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார்.

நாளைக்குப் பேசிக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அக்கா கணவரிடம் நடந்ததைச் சொன்னார். அவர் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தபடி முழுவதையும் கேட்டார்.

"பயமா இருக்குங்களா?" என்று அக்காதான் கேட்டார்.

"இல்லாம? இருக்குதான். ஆனா பிரேக்குல கோளாறுன்னு தெரிஞ்சும் எனக்கு வண்டி குடுத்தா நான் எடுப்பேனா? நீ மட்டும் எடுக்கணுமா என்ன? போய்ப் படு. நாளைக்கு வர்றத நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அவர் சிரித்தார். அக்காவும் சிரித்துவிட்டார். கட்டிய மனுஷன் இப்படி வாய்க்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

மறுநாள் முதலாளி ஒன்றும் பேசவில்லை. வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அக்கா புதிதாக வந்த நாலு லேப்டாப்புக்கு, சொந்தம் இவ்வளவு, இரவல் இவ்வளவு என்று இரண்டு வரியும் எழுதி ஒட்டினார். முதலாளி அதைப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார், போய்விட்டார். அலமாரியில் ஏற்கெனவே இருந்த முப்பத்துச் சொச்சம் லேப்டாப்புகளில் பழைய சீட்டுகள் அப்படியே இருந்தன. அதைத் தொட அக்காவுக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது. அந்தப் பெண்ணின் பல் என்ன ஆயிற்றோ என்று அக்கா வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"கிடைச்சிருச்சு அக்கா! மூணும் அப்படியே பொருந்திடுச்சாம். ஒரு இடத்துல கூட ராவ வேண்டி வரலன்னு டாக்டரே போன் பண்ணார். இந்த மாசத்துலேர்ந்து எல்லாம் எனக்குத்தான்."

அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். திருப்புளி அண்ணன், "அந்தக் கத்தல்ல உங்க வீட்டுல யாராவது தூங்கினாங்களா?" என்று கேட்டு, அவள் சிரித்த சிரிப்பில் தானும் சிரித்தார். அவரிடமும் அவள் நன்றி சொன்னாள். அப்புறம் கல்லாவில், எதையோ மும்முரமாகத் தேடுவது போல டிராயருக்குள் தலையை விட்டிருந்த முதலாளியிடம் போனாள்.

"சார், உங்களுக்குத்தான் பெரிய நன்றி."

"எனக்கு எதுக்கும்மா" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே.

"மாத்த மாட்டேன்னு நீங்க பிடிவாதமா நின்னிருந்தா நான் என்ன சார் பண்ணியிருப்பேன்? பில்லுலயே போட்டிருக்கே. எல்லாருக்கும் தப்பு நடக்கும். ஒத்துக்கிட்டுத் திருத்தற கடைய நான் பார்த்ததே இல்ல சார். எங்க லேப்ல என்கூட வேலை பார்த்த அஞ்சு பேரு, அவங்களும் வீட்டுலேர்ந்தே ஆரம்பிக்கறாங்க. திங்கக்கிழமை வருவாங்க. எந்த மெஷின் வாங்கறதுன்னு கேட்டாங்க. எதையும் யோசிக்காதீங்க, அந்தக் கடையில சீட்டுல என்ன எழுதியிருக்கோ அத நம்பி வாங்குங்கன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் கிளம்பிப் போனாள். முதலாளி எழுந்தார். அலமாரி முன்னால் போய் நின்றார். முப்பத்துச் சொச்சம் சீட்டுகள், முத்து முத்தான எழுத்தில், எட்டு என்றும் பத்து என்றும் பன்னிரண்டு என்றும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் பின்னால் கை கட்டி நின்றவர், மேல் தட்டிலிருந்த முதல் லேப்டாப்பை எடுத்து, அதன் சீட்டை நகத்தால் கீறிப் பிய்த்தார். பிறகு அடுத்தது. அக்கா ஓடிவந்து, "நான் பண்றேன் சார்" என்றார்.

"இல்லம்மா. எழுதினது நீயா இருக்கலாம், எழுத வெச்சது நான். என்னத் திட்டிட்டுப் போயிருந்தா நான் ரெண்டு திட்டு திருப்பித் திட்டிட்டு மறந்திருப்பேன். நன்றி சொல்லிட்டுப் போறாளே, இத என்ன பண்றது?" அடுத்த சீட்டில் நகத்தை வைத்தார். "திரையில இருக்கறதத்தானே எழுதறோம், அது எப்படிப் பொய்யாகும்னு இத்தன நாளும் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எதிர்ல இருக்கறவங்க தப்பாப் புரிஞ்சுக்கட்டும்னு தெரிஞ்சே சொல்ற உண்மை இருக்கே, அது பொய்யவிட மோசம்மா. பொய்யின்னு தெரிஞ்சா ஜாக்கிரதையாவது ஆயிடுவாங்க. இதுல நம்மள நம்பி, தப்பு தன் மேலதான்னு அவங்க அழறாங்க."

அக்காவின் கண்ணில் நீர் தளும்பியது. "ரொம்ப நன்றி சார்" என்றார்.

முதலாளி கல்லாவுக்குத் திரும்பி, கடையில் வாங்கிப் போனவர்களின் போன் நம்பர் எழுதி வைத்திருக்கும் நோட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்தில் முதல் பெயரில் விரலை வைத்து, போனில் எண்ணை அழுத்தினார்.

"ஹலோ... ஆமா, லேப்டாப் கடையிலேர்ந்துதான். இல்லைங்க, ஒண்ணும் விக்கறதுக்குக் கூப்பிடல. உங்ககிட்ட வித்தப்ப ஒரு விஷயத்த நான் சொல்லாம விட்டுட்டேங்க. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."